தண்ணி வந்த நாளெல்லாம் காய்ச்சல்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் தொழிலாளர் நல அலுவலராக இருந்தபோது நடந்தது இது. 2023 தைப்பொங்கல் முடிந்து கம்பெனி திறந்த வாரம். தைத்த பீஸில் குறை பார்க்கும் செக்கிங் பகுதியின் சூப்பர்வைசர் ஒரு வருகை அட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“இந்தக்காவ நிறுத்திப்போடலாமுங்க மேடம். எட்டு நாளைக்கு ஒருக்கா காய்ச்சல்னு லீவு. மறுநாள் வந்து நிக்கறப்ப நல்லாத்தான் இருக்குதுங்க.”

அட்டையில் மூன்று மாதக் கணக்கு இருந்தது. காரணம் எழுதும் கட்டத்தில் காய்ச்சல், காய்ச்சல், தலைவலி, மறுபடி காய்ச்சல். எல்லாம் ஒற்றை நாள். ஓரிடத்தில் மட்டும் ஒன்பது நாள் சேர்ந்தாற்போல் விடுப்பு, அதற்கு இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டு டாக்டரின் சான்று இணைத்திருந்தது. மற்ற எதற்கும் சான்று கிடையாது.

அந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். சேவூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். காலை ஏழே காலுக்குக் கம்பெனி வண்டி ஊர் முக்குக்கு வரும். வேலை எட்டரைக்கு. எட்டு நாற்பதுக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு வந்தால் அரை ஷிப்ட் போச்சு, மதியம்தான் உள்ளே விடுவார்கள். அக்காவை உட்காரவைத்து, அட்டையையும் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

“நல்ல தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்காத்தான் விடறாங்க மேடம். எத்தன மணிக்குன்னு ஆருக்கும் தெரியாதுங்க. எட்டு மணிக்கும் வரும், ஒம்பதரைக்கும் வரும். புடிச்சு வெக்கலீன்னா எட்டு நாளைக்கும் வாயில வெக்க முடியாத சப்பத் தண்ணிதான். வண்டி ஏழே காலுக்குப் போயிருது. பத்து மணிக்கு வந்தா கேட்டுல உடறதில்ல. அப்புறம் நான் என்னங்க பண்றது?”

“தண்ணி புடிக்கோணும்னே சொல்லி லீவு கேக்கலாமில்லீங்க்கா?”

“தண்ணின்னா தர மாட்டீங்க. காய்ச்சல்னா ஒண்ணுஞ் சொல்ல மாட்டீங்க.”

இந்த ஒரு பதில்தான் அடுத்த ஒரு வருட வேலையைத் தொடங்கிவைத்தது. ஒன்றரை மணி நேரம் தேவைப்பட்டவர் ஒரு முழு நாளை இழக்கிறார். கம்பெனியும் ஒரு முழு நாளை இழக்கிறது. பதிவேட்டில் அது நோய் என்று ஏறுகிறது. ஆனால் அந்த அட்டையில் இருந்த ஒன்பது நாளும் நிஜமான நோய். அந்த நோயும் இதே இடத்திலிருந்துதான் வந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சட்டத்தில் நோய் விடுப்பு எங்கே இருக்கிறது

தொழிற்சாலை ஆட்களுக்கு நோய் விடுப்பு என்று தனியாக ஒன்று இல்லை. இது வெளியே பலருக்குத் தெரியாது. ஜவுளிக்கடையில் நிற்பவருக்கு 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி வருடத்தில் 12 நாள் நோய் விடுப்பு உண்டு. அவர் விற்கிற பனியனைத் தைத்தவருக்கு அது கிடையாது. அன்று நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம், வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பள விடுப்பு கொடுத்தது, அவ்வளவுதான். உடம்புக்கு முடியாமல் போனால் இ.எஸ்.ஐ.தான் கதி.

இ.எஸ்.ஐ. நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தமிழ்நாட்டில் முதலில் கோவைக்குத்தான் 1955இல் வந்தது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கு, டாக்டர் சான்று கொடுத்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், வருடத்தில் 91 நாள் வரை. முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். சிக்கல் வேறொரு விதியில் இருக்கிறது. நோய்வாய்ப்பட்ட முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. முன்பு பணம் வாங்கிய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி விழுந்தால்தான் அந்த இரண்டு நாளுக்கும் சேர்த்துக் கிடைக்கும்.

இதன் விளைவைப் பதிவேட்டிலேயே பார்க்கலாம். ஒரு நாள், இரண்டு நாள் காய்ச்சலுக்கு யாரும் டிஸ்பென்சரிக்குப் போவதில்லை. போனால் வரிசையில் நிற்பதற்கே ஒரு நாள் ஆகும், பைசாவும் கிடைக்காது. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள், இல்லையென்றால் வீட்டில் படுக்கிறார்கள். வீட்டில் படுத்தால் பதிவேட்டில் ஆப்சென்ட். ஆக, எங்களிடம் இருந்த விடுப்புகள் இரண்டு வகைதான்: சான்றில்லாத ஒற்றை நாட்கள், சான்றோடு வந்த நீண்ட நாட்கள். முதல் வகையைப் பொய் என்றும் இரண்டாவது வகையைத் தலைவிதி என்றும் அலுவலகத்தில் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். நானும்தான்.

ஆறு கேள்விகள்

வேலை நேரத்தின் மீது ஊழியருக்கு உள்ள பிடிக்கும் உடல்நலத்துக்கும் என்ன தொடர்பு என்று ஃபின்லாந்தில் நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். லீனா அலா-முர்சுலாவும் உடன் ஆய்வாளர்களும் எட்டு நகரங்களின் உள்ளாட்சி ஊழியர்கள் 6,442 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. வேலை தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடைவேளை, வேலைக்கு நடுவே சொந்தக் காரியம் பார்ப்பது, ஷிப்ட் எப்படி அமைவது, சம்பள விடுப்பு எப்போது, சம்பளமில்லாத விடுப்பு எப்போது: இவற்றில் உன் பேச்சு எவ்வளவு எடுபடும் என்று கேட்டார்கள். அந்தப் பதில்களை மருத்துவச் சான்று பெற்ற, மூன்று நாளுக்கு மேற்பட்ட விடுப்புகளோடு ஒப்பிட்டார்கள். பேச்சு எடுபடாத பெண்களிடம் உடல்நலக் குறைவும் மன உளைச்சலும் நோய் விடுப்பும் கூடுதலாக இருந்தன. ஆண்களிடம் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை.

அந்தக் கேள்விகளை ஆறாக எடுத்துக்கொண்டு நம் பேச்சுத் தமிழில் ஆக்கி, ஒரு வாரம் டீ டைமில் செக்கிங் டேபிளிலும் ஒரு தையல் லைனிலும் கேட்டுப் பார்த்தேன். அங்கே மாநகராட்சி குமாஸ்தாவிடம் கேட்ட கேள்வி இங்கே பொருந்துமா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. பொருந்தியது, நான் நினைத்ததைவிட ஆழமாகவே.

எப்போது வேலை முடியும் என்று கேட்டதற்கு ஒரு ஓவர்லாக் டைலர், “அஞ்சு மணிக்குத் தெரியுமுங்க” என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. அஞ்சரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். இரவு எட்டரை, ஒன்பது வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். திருப்பூர்ப் பேச்சில் ஒன்றரை ஷிப்ட் என்பதுதான் சாதாரண நாள். அன்றைக்கு ஒன்றரையா, ஷிப்மென்ட் நெருக்கடியில் அதற்கும் மேலா என்பதைச் சாயங்கால டீக்குப் பிறகுதான் சொல்வார்கள். அதற்கு மேல் வீட்டில் யார் சோறு வடிப்பது, டியூஷன் முடிந்த பிள்ளையை யார் கூட்டிவருவது என்று ஃபோனில் ஏற்பாடு செய்ய வேண்டும். ஃபோனோ லாக்கரில் இருக்கிறது. அன்றைய சட்டப்படி ஒரு நாளுக்கு 9 மணி நேரம், இடைவேளையும் சேர்த்து உள்ளே இருக்கும் நேரம் பத்தரை மணி, மிகை நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். எங்கள் கம்பெனியில் அரை ஷிப்ட்டுக்கு அரைச் சம்பளம்தான் கொடுத்தார்கள். இதை எழுதாமல் நேரத்தைப் பற்றி மட்டும் எழுதினால் நான் நியாயமாக எழுதியதாகாது.

சம்பளமில்லாத விடுப்பு பற்றிக் கேட்டபோது எல்லோரும் நோம்பியை, அதாவது ஊர்த் திருவிழாவைத்தான் சொன்னார்கள். ஊரில் மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டிவிட்டால் கம்பம் நட்டு, மாவிளக்கு எடுத்து, கெடாவெட்டு முடிகிற வரை பெண்கள் ஊரில் இருந்தே ஆகவேண்டும். ஒரம்பரை, அதாவது சொந்தபந்தம், வந்துவிடும். அதற்கு லீவு கேட்டால் ஒரு நாள் கிடைக்கும். மூன்று நாள் தேவை. மீதி இரண்டு நாள் வயிற்றுப்போக்கு என்று அட்டையில் ஏறும்.

டோக்கன்

இடைவேளை பற்றிய கேள்வியில்தான் அந்த ஒன்பது நாளுக்கு விடை கிடைத்தது.

கழிவறைக்குப் போக டோக்கன் வேண்டும். நாற்பது பேர் உள்ள பகுதிக்கு இரண்டு பிளாஸ்டிக் வில்லை, சூப்பர்வைசர் மேசையில் ஆணியில் தொங்கும். எடுத்துக்கொண்டு போகவேண்டும், திரும்பி வந்து மாட்டவேண்டும். இரண்டும் வெளியே இருந்தால் காத்திருக்கவேண்டும். சூப்பர்வைசர் ஆண். ஒரு நாளில் மூன்றாவது தடவை எழுந்தால் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். அதனால் பெண்கள் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. டேபிளுக்கு அடியில் வரிசையாக வைத்திருந்த பாட்டில்களை ஒரு நாள் மாலை ஐந்து மணிக்குப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பாதிக்கு மேல் மூடி திறக்காமலே இருந்தன. மேலே தகரக் கூரை, பக்கத்தில் அயர்ன் டேபிளின் ஆவி. மாசி மாதம்தான், வெயில் இன்னும் ஏறவில்லை.

அந்த அக்காவுக்கு வந்தது சிறுநீர்த் தொற்று. முதலில் எரிச்சல், சொல்ல வெட்கப்பட்டு ஒரு வாரம் தள்ளினார். பிறகு குளிர் காய்ச்சல், இடுப்பு வலி. டாக்டர் நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். “காலைல வண்டி ஏறறப்ப ஒரு டம்ளர், பொழுதோட வீட்டுக்குப் போயி ஒரு சொம்பு” என்று இவர் சொல்லியிருக்கிறார். டேபிளில் விசாரித்தபோது ஆளுக்கு ஆள் இதே கதையைத் தாழ்ந்த குரலில் சொன்னார்கள். மாதவிடாய் நாட்களில் டோக்கனுக்குக் காத்திருப்பதைவிட அன்றைக்கு வராமலே இருந்துவிடுவது மேல் என்றார் ஒருவர். அதுவும் அட்டையில் காய்ச்சல்தான்.

வேலை நேரத்தின் மீது பிடி என்று பேசும்போது ஷிப்ட்டையும் லீவையும்தான் நினைக்கிறோம். அதன் மிகச் சிறிய அலகு இந்த ஐந்து நிமிடம். அதுகூடத் தன் கையில் இல்லாதபோது உடம்புதான் வழிவிட வேண்டியிருக்கிறது.

என்ன செய்தோம்

முதலாளி சம்மதித்ததற்குக் காலமும் ஒரு காரணம். 2022இல் நூல் விலை ஏறி, அதன் பின்னால் வெளிநாட்டு ஆர்டரும் குறைந்து, திருப்பூர் முழுக்க மந்தமாக இருந்த நேரம் அது. ஆள் போனால் போகட்டும் என்று விட்டால், ஆர்டர் திரும்பும்போது பழகிய ஆள் கிடைக்காது என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். செக்கிங்கில் மட்டும் செய்து பார்க்கச் சொன்னார். அதுதான் சரியான இடமும்கூட. தையல் லைனில் செயின் சிஸ்டம். தோள் ஜாயின்ட் அடிப்பவர் வராவிட்டால் கழுத்துப் பட்டி வைப்பவர் சும்மா உட்காரவேண்டும். செக்கிங்கில் அவரவர் பீஸ் அவரவருக்கு.

டோக்கனை முதல் நாளே எடுத்துவிட்டோம், அது எல்லாப் பகுதிக்கும். காலை வருகையை எட்டரை, ஒன்பதரை, பத்தரை என்று மூன்றாக்கி, தாமதமாக வந்தால் அரை ஷிப்ட் வெட்டாமல் வராத மணிக்கு மட்டும் கழிப்பது, விரும்பினால் அந்த வாரத்துக்குள் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று வைத்தோம். காலை வண்டியை விட்டவர்கள் எப்படி வருவது என்ற கேள்வி எழுந்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதைப் பிடித்து வந்துவிடுவோம் என்று அவர்களே தீர்த்துவைத்தார்கள். ஓவர்டைமை முந்தின நாள் மதியச் சாப்பாட்டுக்குள் போர்டில் எழுதவேண்டும், இருக்க விரும்புகிறவர் பெயர் எழுதவேண்டும், எழுதாதவரிடம் காரணம் கேட்கக்கூடாது. இந்தக் கடைசி வரிக்குத்தான் சூப்பர்வைசர்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எல்லோரும் அஞ்சரைக்கே போய்விடுவார்கள் என்று பயந்தார்கள். போகவில்லை. பண நெருக்கடி யாருக்குத்தான் இல்லை? ஆனால் யார் எந்த நாள் இருப்பது என்பதைத் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். இன்னிக்கு நீ இரு, வெள்ளிக்கிழமை நான் இருக்கறேன் என்று.

பங்குனி, சித்திரையில் செக்கிங்கின் அட்டைகளைப் பார்த்தபோது ஒற்றை நாள் காய்ச்சல்கள் அருகிப்போயிருந்தன. அக்கா தண்ணி வருகிற நாளில் பத்தரைக்கு வந்தார்.

ஆனால் இதை அப்படியே வெற்றி என்று எழுத எனக்கு மனமில்லை. ஆர்டர் குறைந்ததால் ஓவர்டைமும் குறைந்திருந்தது. வேலையே குறைந்தால் உடம்பு தேறத்தானே செய்யும்? அதனால் நேரத்தில் எந்த மாற்றமும் செய்யாத தையல் லைன்களின் அட்டைகளோடு ஒப்பிட்டேன். அங்கேயும் ஓவர்டைம் அதே அளவு குறைந்திருந்தது, டோக்கனும் இல்லை. சான்றோடு வருகிற நீண்ட விடுப்புகள் அங்கேயும் குறைந்தன. ஒற்றை நாட்கள் குறையவில்லை. நான் புரிந்துகொண்டது இதுதான்: மணி குறைந்ததும் தண்ணீர் குடிக்க முடிந்ததும் நோயைக் குறைத்தன. நேரத் தெரிவு கிடைத்ததோ, நோய் என்று எழுதவேண்டிய கட்டாயத்தைக் குறைத்தது. இரண்டும் தொடர்புள்ளவை, ஆனால் ஒன்றல்ல. ஒரே கம்பெனியில் சில மாதங்கள் பார்த்ததை வைத்து இதற்கு மேல் சொல்லக்கூடாது.

அயர்ன், கட்டிங் பகுதி ஆண்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டேன். அவர்கள் கேட்டது நேர்மாறாக இருந்தது. வாரத்துக்கு இத்தனை ஒன்றரை ஷிப்ட் உறுதி என்று சொல்லுங்கள் போதும், சீட்டுக் கட்டவேண்டும் என்றார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கித் திங்கட்கிழமை வராமல் போகிற வழக்கமும் அவர்களிடம் அப்படியேதான் இருந்தது. ஃபின்லாந்து ஆய்வில் ஆண்களிடம் தொடர்பு தெரியாமல் போனதற்கு என்ன காரணமோ, இங்கே எனக்குத் தெரிந்த காரணம் எளியது. தண்ணீருக்கும் பிள்ளைக்கும் நோம்பிக்கும் ஒரம்பரைக்கும் தன் நேரத்தைக் கொடுக்கவேண்டியவர் வீட்டில் இன்னொருவராக இருந்தார்.

நான் கோட்டைவிட்டது ஹாஸ்டல் பிள்ளைகளை. ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்தவர்கள், டைலருக்கு உதவும் கைமடி வேலையிலும் பேக்கிங்கிலும் இருந்தார்கள். அவர்களுக்கு ஊரில் தண்ணி பிடிக்கவேண்டியதில்லை, வண்டி தவறுவதில்லை. அதனால் நேரத் தெரிவு அவர்களுக்குத் தேவைப்படாது என்று எண்ணிவிட்டேன். ஓவர்டைம் போர்டில் அக்காக்கள் பெயர் எழுதாத நாளெல்லாம் வார்டன் எழுப்பிக் கூட்டிவந்தது அவர்களைத்தான். ஒருவருக்குக் கிடைத்த தெரிவின் பாரம் கேட்க ஆளில்லாத இன்னொருவர் மீது இறங்கியதை இரண்டு மாதம் கழித்துத்தான் பார்த்தேன். பிறகு அவர்களுக்கும் அதே போர்டு, அவர்கள் மொழியில்.

இதற்கு நடுவே, அந்த வருடம் ஏப்ரல் 21இல் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு இடம்கொடுக்கும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்ப, மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே நாளன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நெகிழ்வான வேலை நேரம் என்ற சொல் அந்த நாட்களில் டீக்கடை வரைக்கும் பேசப்பட்டது. ஒரு டைலர் என்னிடம், “நீங்க சொல்றதும் அதுதானுங்களா மேடம்?” என்று கேட்டார். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2010ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றை அவருக்கு விளக்கினேன். பத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தன் ஷிப்ட்டைத் தானே அமைத்துக்கொண்டவர்களுக்குத் தூக்கமும் சோர்வும் ரத்த அழுத்தமும் மனநிலையும் மேம்பட்டிருந்தன. நிறுவனத்தின் தேவைக்காகத் திணித்த நெகிழ்வில் அந்த நன்மை இல்லை, சில இடங்களில் கெடுதல். “வளையறது ஆருங்கறதுதானுங்க விசயம்” என்றார் அவர்.

தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் மறுபடி ஏறியது. ஷிப்மென்ட் வாரங்களில் ஓவர்டைம் போர்டு முந்தின நாள் எழுதப்படவில்லை. முதலில் ஒரு நாள், பிறகு வாரத்தில் பாதி நாள். நான் சண்டை போட்டேன், சில நாள் எழுதினார்கள். தையல் லைனுக்கு நேரத் தெரிவைக் கொண்டுபோக, ஒவ்வொரு லைனுக்கும் இரண்டு மூன்று மெஷின் தெரிந்த மாத்து ஆள் இருவர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தச் சம்பளத்துக்கு இன்னும் அனுமதி வரவில்லை என்ற நிலையில்தான் நான் அங்கிருந்து வெளியே வந்தேன். டோக்கன் ஆணி அங்கேயே இருந்தது, வில்லைகள் திரும்பி வரவில்லை. செக்கிங்கில் மணிக்கணக்கு இன்னும் நடக்கிறது என்று கேள்விப்படுகிறேன். கிளம்புகிற வாரம் அந்த அக்காவின் அட்டையைக் கடைசியாகப் பார்த்தேன். காரணம் எழுதும் கட்டத்தில் அவர் கையெழுத்தில், கொஞ்சம் கோணலாக, ‘நல்ல தண்ணி, 10.30’ என்று இருந்தது.